சைக்கிள் சீட்டும் தொடைப் புண்ணும்

சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் ஏறி கோலப்பிலாவுக்கு இறங்கும் சைக்கிளோட்டிகளிடம் கால் வலியைப் பற்றிக் கேட்டால் தாராளமாகப் பேசுவார்கள். உட்காரும் இடத்துப் புண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். "அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்கள் வெறும் தோல் சீட்டில் ஓட்டவில்லையா?" என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம்.

இந்த வாதம் நிற்காது. பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிய என் அப்பாவின் சைக்கிள் சீட்டு தட்டினால் பலகைபோல் ஒலிக்கும். நடுவில் அவர் உடம்புக்கென்றே விழுந்த குழி, அடியில் இரண்டு தடித்த சுருள்வில். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலிருந்து வெட்டுக்குப் போவதும், பால் வாளிகளோடு ஸ்டோருக்குத் திரும்புவதும் துண்டு துண்டான சிறு பயணங்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். நிமிர்ந்து உட்கார்ந்ததால் எடை முழுவதும் இடுப்பின் இரண்டு அடி எலும்புகளில் இறங்கியது. மூன்று மணி நேரம் குனிந்தபடியே மிதிப்பவரை அவரோடு ஒப்பிட முடியாது.

புண்ணுக்குக் காரணம் மூன்று: அழுத்தம், உரசல், ஈரம். நம் ஊரில் மூன்றாவதுதான் பெரிய எதிரி. மழை குறைந்த ஜெலுபுவில்கூட வியர்வை காய்வதில்லை. நனைந்த தோல் காய்ந்த தோலைவிட அதிகம் உரசும். மயிர்க்கால் அடைத்துக் கிருமி புகுந்தால் கட்டியாகும். 1987 ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, முடிவுக்குச் சில நாளே இருக்கையில் இப்படியொரு கட்டியால் விலகினார்.

கடைக்காரர் முதலில் நீட்டும் ஜெல் உறையை நான் நிராகரிக்கிறேன். எலும்பு அதில் புதைய, நடுப்பகுதி மேலெழும்பி நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் மென்மையான இடத்தை அழுத்துகிறது. முதல் பத்து நிமிடம் சுகம், பிறகு மரத்துப்போகும். பவுடரும் வியர்வையில் குழைந்து பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் உரசலைக் குறைக்கும், ஆனால் சீக்கிரம் காணாமல் போகும். வாசலின் அதைவிட நேரம் தாங்கும். ஆனால் எதைப் பூசினாலும் தவறான உயரத்தில் இருக்கும் சீட்டைத் திருத்தாது. சீட்டு உயர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபக்கமும் ஆடும். அந்த ஆட்டமே தொடையை அறுக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதிக்கும்போது கால் நேராக வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே பலர் இருநூறு வெள்ளிக்குப் புதுச் சீட்டு வாங்குகிறார்கள்.

என் தீர்ப்பில் முதலிடம் சீட்டின் உயரத்துக்கும் சாய்வுக்கும்தான். அடுத்தது பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை. அதனுள் ஜட்டி கூடாது, அதன் தையலே உரசும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். நீண்ட தூரத்துக்கு மட்டும் வாசலின். கால்மணிக்கு ஒருமுறை சீட்டிலிருந்து எழுந்து மிதிக்க வேண்டும். தோல் சீட்டு நல்லதுதான், ஆனால் நனைந்த தோலில் ஏறி ஓட்டினால் வடிவம் கெடும். மழைக்கு மூடி வைக்கும் பொறுமை உள்ளவருக்கே அது.

ஓட்டம் முடிந்ததும் ஈரக் கால்சட்டையோடு தேத்தண்ணீர்க் கடையில் உட்காராதீர்கள். புண் சில நாளில் ஆறாவிட்டாலோ, கட்டி சிவந்து காய்ச்சல் வந்தாலோ வெட்கப்படாமல் கிளினிக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அந்தச் சில நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.