வைக்கோல் லாரிக்குப் பின்னால் போவது எப்படி?

தேனியிலிருந்து கம்பத்துக்குத் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், "அதே ரோடு, அதே வேகத்தடை" என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்க்கப் பழகியவர்களுக்கு இவ்வளவு வேடிக்கை காட்டும் சாலை வேறு கிடையாது. பயிற்சியை வைக்கோல் லாரியில் தொடங்குங்கள்.

அறுவடை முடிந்த நாட்களில் உத்தமபாளையம் பக்கம் எப்படியும் ஒன்று முன்னால் வந்து மாட்டும். லாரி கண்ணுக்கே தெரியாது. வைக்கோல்தான் தானாக ஊர்ந்து போகும். முந்தத் துடிக்காதீர்கள். அந்தப் பாரம் பள்ளத்தில் இறங்கும்போது ஒருபக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி நிமிர்கிற அழகைத் தள்ளி நின்று ரசிக்க வேண்டும். கேரளத்து மாடுகளின் சாப்பாடு அது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இருக்கிறது. மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. அதில் விளைந்தது வைக்கோலாகவும் வாழைத்தாராகவும் காய்கறியாகவும் மலை ஏறுகிறது. இது பிடிபட்டுவிட்டால் எதிரே வரும் லாரியெல்லாம் விடுகதைதான். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் மூக்கை நம்புங்கள். ஏலக்காய்க்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது.

பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் நம்பர் பிளேட் ஆட்டம். டிஎன் 60 நம்ம தேனி, அதற்கு மார்க் இல்லை. கேஎல் 06 இடுக்கி, அடிக்கடி வரும், ஒரு மார்க். கேஎல் 14 காசர்கோடு, பத்து மார்க் தரலாம். கார்த்திகை, மார்கழியில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா என்று ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வந்து குவியும். அப்போது விதிகளை மாற்றாவிட்டால் வீட்டில் சண்டை நிச்சயம்.

இன்னொன்று, பென்னிகுவிக் எண்ணுவது. 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த அந்த இன்ஜினியர் டீக்கடைச் சுவரில் இருப்பார், ஆட்டோ முதுகில் இருப்பார், பொங்கல் பேனரில் மாலையோடு இருப்பார். தேனி புதிய பேருந்து நிலையமே அவர் பெயரில் என்பதால் புறப்படும்போதே ஒன்று கணக்கில் ஏறிவிடும். கடைசியாக லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் சிலையாகவே நிற்பார். புறவழிச்சாலையில் போனால் இந்த ஆட்டம் தேறாது. வாரத்தில் ஒரு நாளாவது சின்னமனூர் ஊருக்குள் நுழைந்து போங்கள்.

எண்ணுவதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை. ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே தெரிவது மட்டும் போதும். ஆனி, ஆடியில் அதுவே ஏராளம்: மேற்கே மலை முகட்டில் மேகம் உட்கார்ந்திருக்கும், காற்றாலைகள் எல்லாம் மேற்குப் பார்த்துத் திரும்பியிருக்கும், பைக்கில் போகிறவரைக் காற்று கேட்காமலே பக்கத்து வரப்புக்கு அழைக்கும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஜீப்புகள். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் கிளம்பிவிடும். தூக்குவாளிகள் குலுங்க, பேச்சும் சிரிப்புமாகப் போகும். நாற்பது வயது ஜீப் போலிருக்கும். ஆனாலும் வளைவுகளில் நம் புதுக் காரைவிட நிதானமாக ஏறும். குமுளி மலைப்பாதையில் நீங்கள் இறங்கும்போது அது எதிரே ஏறி வந்தால் ஓரங்கட்டி வழிவிடுங்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. தாண்டும்போது உள்ளேயிருந்து ஓர் அக்கா உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். இவ்வளவு பெரிய காரில் ஒற்றை ஆளா என்று அவருக்கும் வேடிக்கை வேண்டாமா?