எண்ணும் எல்லையும்: கீழடிக் காலக்கணிப்பு பொதுமக்களைச் சென்றடைந்த முறை – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் அறிவியல் எழுத்துக்கு நெடிய மரபு உண்டு. பெ.நா. அப்புசாமி போன்றோர் பல பதின்மங்கள் அப்பணியைச் செய்தனர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் அதனைச் சிறுவர்களிடம் கொண்டு சென்றது. இம்மரபு பெரிதும் அறிவியலாரிடையே நிலைபெற்றுவிட்ட கருத்துகளை எளிமைப்படுத்தும் மரபாகும். கோள்களின் இயக்கத்தை விளக்குபவர்க்கு, தாம் கூறும் செய்தி அடுத்த ஆண்டே திருத்தப்படும் என்ற கவலை இல்லை.

பல துறைகள் கூடிச் செய்யும் புத்தாய்வின் நிலை வேறு. அதன் முடிவு ஒரு துறையின் அளவீட்டையும் மற்றொரு துறையின் விளக்கத்தையும் இணைத்துப் பெறப்படுவது, பின்னர் மாறக்கூடியது. அதைப் பொதுமக்களிடம் கொண்டு செல்லும்போது முடிவோடு அம்முடிவின் உறுதிப்பாட்டையும் சேர்த்துக் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. இவ்வகையில் அண்மைக்காலத் தமிழ்ச் சூழலில் மிகப் பரவலாகச் சென்றடைந்தது கீழடி ஆய்வு. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட ‘கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்’ என்னும் நூலை முன்னிறுத்தி, அச்செய்தி பரவிய முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நூலின் பெறுமதி

அகழாய்வு அறிக்கைகள் பல ஆண்டுகள் கழித்து, ஆங்கிலத்தில், வல்லுநர்க்கு மட்டும் விளங்கும் நடையில் வெளிவருவதே வழக்கம். இந்நூல் நான்காம் கட்ட அகழாய்வு முடிந்த சிறிது காலத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கரிம மாதிரிகளின் காலத்தை அமெரிக்காவின் மியாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கணித்தது. எலும்புத் துண்டுகளைப் புனே தக்காணக் கல்லூரி ஆராய்ந்தது. கட்டுமானப் பொருள்களின் வேதிக் கூறுகளை வேலூர் தொழில்நுட்ப நிறுவனம் பகுத்தது. பானையோடுகளை இத்தாலியின் பைசா பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. எந்த முடிவு எந்த ஆய்வகத்திலிருந்து வந்தது என்பதைப் பொதுவாசகரும் அறியும்படி செய்தமை பாராட்டத்தக்கது.

விலங்கெலும்புகள் பற்றிய செய்தி இதற்கு நல்ல சான்று. ஆராயப்பட்டவை 70 எலும்புத் துண்டுகள் என்ற எண்ணிக்கை முன்வைக்கப்பட்டது. அவற்றுள் மாடு, எருமை, ஆடு முதலியன இனங்காணப்பட்டன. எத்தனை துண்டுகளைக் கொண்டு இம்முடிவு பெறப்பட்டது என அறிந்த வாசகர், அதன் வலிமையைத் தாமே எடைபோட இயலும். முடிவையும் அதன் அளவையும் சேர்த்துத் தரும் இம்முறை காலக்கணிப்புக்கு வாய்க்கவில்லை.

580 என்னும் எண்

353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரிக்குக் கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்டதற்குக் கி.மு. 205 என்றும் காலம் அறிவிக்கப்பட்டது. இவற்றைக் கொண்டு தொல்லியல் துறை கீழடியின் தொடக்கத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு எனக் கூறியது. நூற்றாண்டு அளவில் நின்ற இக்கூற்று ஓரளவு நிதானமானது. எனினும் மேடைகளிலும் செய்திகளிலும் நிலைத்தவை ‘580’ என்ற எண்ணும், அதிலிருந்து பெற்ற ‘2600 ஆண்டுகள்’ என்ற தொடருமே.

கரிமக் காலக்கணிப்பு இயங்கும் முறையை நோக்கினால் இதன் சிக்கல் விளங்கும். உயிருள்ளவரை மரமும் பயிரும் காற்றிலிருந்து கரிமம்-14ஐப் பெறுகின்றன. இறந்தபின் அது சிதைந்து குறைகிறது. அதன் அரை ஆயுள் 5730 ஆண்டுகள். எஞ்சியதை அளந்தால் இறந்த காலத்தைக் கணிக்கலாம். ஆனால் காற்றில் இருந்த கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே ஆய்வக அளவை, காலம் அறியப்பட்ட மரவளையங்களைக் கொண்டு வரைந்த திருத்தக் கோட்டோடு ஒப்பிட்டே நாட்காட்டி ஆண்டாக மாற்றுகின்றனர். இவ்வாறு பெறுவது ஓர் ஆண்டன்று. இன்ன ஆண்டுக்கும் இன்ன ஆண்டுக்கும் இடைப்பட்டது என்னும் நிகழ்தகவு எல்லையே.

இத்திருத்தக் கோடு ஏறத்தாழக் கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டக் கிடைமட்டமாக ஓடுகிறது. ஐரோப்பியத் தொல்லியலார் இதனை ‘ஹால்ஸ்டாட் சமவெளி’ என்பர். இக்காலப் பகுதியில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இறந்த பொருள்களும் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே அளவைத் தரும். எனவே இப்பகுதிக்குரிய தனி மாதிரி ஒன்றின் எல்லை சில நூற்றாண்டு அகலம் கொள்வது இயல்பு. கி.மு. 580 இச்சமவெளியின் நடுப்பகுதியில் அமைகிறது. ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக் கூறுவதால் மிகுதியான இழப்பு நேரும் காலப்பகுதி இது. இச்செய்தி கீழடியின் தொன்மையை மறுப்பதன்று. எல்லையின் உண்மையான காலம் 580க்கு முற்பட்டும் இருக்கலாம், பிற்பட்டும் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

துறைகள் இணையும் இடம்

ஆய்வகம் காலம் கணித்தது கரிம மாதிரிக்கே, பானையோட்டுக்கு அன்று. அம்மாதிரியும் எழுத்துப் பொறித்த ஓடும் ஒரே மண்ணடுக்கைச் சார்ந்தவை, அவ்வடுக்கு பிற்காலத்தில் கலையவில்லை என்று காட்டுவது தொல்லியலாரின் பணி. ஓட்டிலுள்ளது தமிழி எழுத்து எனப் படிப்பது எழுத்தியலாரின் பணி. மரக்கரியாயின், மரம் எரிந்த காலத்துக்கும் அதன் உள்வளையம் வளர்ந்த காலத்துக்கும் இடைவெளி இருக்கலாம் என்பதும் கருதத்தக்கது. ஆக, ‘கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுதினர்’ என்னும் ஒரு வாக்கியத்துள் மூன்று துறைகளின் மூன்று முடிவுகள் அடங்கியுள்ளன. பொதுவாசகரிடம் அவ்வாக்கியம் ஓர் இயந்திரத்தின் தீர்ப்பாகவே சென்று சேர்ந்தது. இயற்பியலின் மதிப்பு தொல்லியலாரின் உழைப்பையும் எழுத்தியலாரின் உழைப்பையும் மறைத்துவிட்டது.

இணைப்பு வலுவாக அமைந்த இடம் சிவகளை. அங்கு முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்ற காலம் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. நெல் ஓராண்டுப் பயிர். ஆதலின் உள்வளையச் சிக்கல் அதற்கு இல்லை. தாழிக்குள் கிடைத்தமையால் உமிக்கும் தாழிக்கும் உள்ள உறவும் நெருக்கமானது. இவ்வேறுபாட்டைப் பொதுமக்களுக்கு எடுத்துக்கூறியிருந்தால், ஒரு காலக்கணிப்பு மற்றொன்றைவிட ஏன் வலியது என்பதை அவர்கள் அறிந்திருப்பர். மாறாக, 580ஐவிட 1155 பழையது என்ற ஒப்பீடே முன்னின்றது.

இரு தலைப்புகள்

நூலின் இரு பதிப்புகளின் தலைப்புகள் ஒப்பிடத்தக்கவை. ஆங்கிலத் தலைப்பு கீழடியைச் சங்ககால ‘நகரக் குடியிருப்பு’ என்னும் பொருளில் சுட்டுகிறது. தமிழ்த் தலைப்போ ‘நகர நாகரிகம்’ என்கிறது. குடியிருப்பு என்பது அகழ்ந்து காட்டத்தக்கது. செங்கற்கட்டுமானமும் உறைகிணறும் அதற்குச் சான்று. நாகரிகம் என்பது பல குடியிருப்புகளையும் அவற்றின் தொடர்பையும் நிறுவிய பின் கூறத்தக்க பெருங்கருத்து. ஒரே சான்றுத் தொகுதி ஆங்கில வாசகருக்கு அடக்கமான கூற்றாகவும் தமிழ் வாசகருக்கு விரிந்த கூற்றாகவும் அமைந்துள்ளது. தாய்மொழி வாசகர்க்கு உணர்ச்சி போதும், அளவு வேண்டா என்ற எண்ணம் இதில் வெளிப்படுமாயின், அது அவ்வாசகரைக் குறைத்து மதிப்பதாகும்.

‘சங்ககால’ என்னும் அடையும் கவனத்துக்குரியது. வழக்கமாகக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் சங்ககாலம் இதனால் மூன்று நூற்றாண்டுகள் முன்செல்கிறது. ஓர் ஊரின் மண்ணடுக்குக்குக் கிடைத்த காலத்தைச் சங்கப் பாடல்களின் காலமாக எடுத்துக்கொள்ளும் பிழையான முடிவுக்கு இது வழிவகுக்கும். எழுத்தறிவு இருந்த காலமும் குறிப்பிட்ட ஒரு பாடல் இயற்றப்பட்ட காலமும் ஒன்றல்ல. பொதுமக்கள் நூலில் நெகிழ்ந்த ஓர் அடைமொழி ஆய்வேட்டில் ஆதாரமாக மாறும் வாய்ப்பு உண்டு. தமிழ்த்துறை ஆசிரியர்கள் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

மொழியியலிலும் இந்நிலை காணப்படுகிறது. 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து 2018இல் வெளிவந்த கட்டுரை, அக்குடும்பத்தின் வயதை ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. அதன் நிகழ்தகவு எல்லை ஏறத்தாழ 3000 முதல் 6500 ஆண்டுகள் வரை விரிந்தது. பரவலாக வழங்கியது 4500 மட்டுமே. மொழிக்குடும்பத்தின் வயதைத் தமிழின் வயதாகக் கொள்ளும் மயக்கமும் அதனோடு சேர்ந்து பரவியது.

தமிழில் உள்ள வழி

எல்லையைக் கூறினால் வாசகர் குழம்புவர், நம்பிக்கை இழப்பர் என்பது பொதுவாகக் கூறப்படும் தடை. ‘பிழை’ என்னும் கலைச்சொல் இதற்கு ஓரளவு காரணமாகலாம். அளவீட்டின் எல்லை அகலத்தைப் பிழை என்று மொழிபெயர்க்கும்போது, தமிழ்க் காதுக்கு அது குற்றம் என்றே ஒலிக்கிறது. கூட்டல் கழித்தல் குறியோடு வரும் எண், ஆய்வாளர் தவறியதன் ஒப்புதல்போல் தோன்றிவிடுகிறது.

இதற்கு மாற்றைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. தமிழ் இலக்கிய வரலாற்றாய்வு நூறாண்டுக்கு மேலாக ‘மேலெல்லை’, ‘கீழெல்லை’ என்னும் சொற்களை வழங்கி வருகிறது. ஓர் உரையாசிரியர் எடுத்தாளும் நூல்களுள் பிற்பட்டது அவர் காலத்தின் மேலெல்லையாகவும், அவரை எடுத்தாளும் நூல்களுள் முற்பட்டது கீழெல்லையாகவும் கொள்ளப்படும். இவ்வாறு கூறுவதால் எந்த உரையாசிரியரின் பெருமையும் குறைந்ததில்லை. இரண்டின் அடிப்படையும் வேறு. ஒன்று நூற்சான்று, மற்றொன்று நிகழ்தகவு. எனினும் காலம் என்பது இரு எல்லைகளுக்கு இடைப்பட்டது என்னும் சிந்தனை பொதுவானது. ‘இம்மாதிரியின் மேலெல்லை இது, கீழெல்லை இது, மேலும் மாதிரிகள் கிடைத்தால் இடைவெளி குறையும்’ என்னும் மூன்று சிறு கூற்றுகளைப் பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்வர்.

2025 சனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கைக்கான மாதிரிகள் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சாகனி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றில் ஆராயப்பட்டன. கரிம முறையோடு ஒளியுமிழ்வு முறையும் கையாளப்பட்டது. ஆய்வு முறை இவ்வாறு வளர்ந்துள்ளது. அதைப் பொதுமக்களிடம் கொண்டு செல்லும் நடையும் அதற்கேற்ப வளர வேண்டும்.

முடிவுரை

ஒற்றை எண் வலியதுபோல் தோன்றினும் எளிதில் உடைவது. நாளை ஒரு மாதிரி வேறு ஆண்டைக் காட்டினால், 580ஐ மட்டும் அறிந்தவர் ‘அன்று சொன்னது பொய்’ என்பார். எல்லையை அறிந்தவர் ‘இடைவெளி குறைந்தது’ என்பார். கீழடியின் சிறப்பு 580 என்ற எண்ணில் அடங்கியதன்று. வைகைக் கரையில் எழுத்தும் கட்டுமானமும் கைத்தொழிலும் கொண்டு மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அங்குக் கிடைத்த பொருள்கள் சான்றாகின்றன. அச்சான்றுகளின் உறுதிப்பாட்டையும் வரம்பையும் ஒருசேர அறியும் உரிமை ஆங்கில வாசகருக்கு உள்ளதுபோலவே தமிழ் வாசகருக்கும் உண்டு. அதைத் தமிழிலேயே வழங்குவதற்கான சொற்கள் தமிழ் ஆய்வுலகின் கையில் ஏற்கெனவே உள்ளன.