முதற்பணம் பேஸுக்கு

மின்கித்தாரையும் பேஸ் கித்தாரையும் ஒப்பிட்டு உலகில் எழுதப்பட்டுள்ளவற்றில் பெரும்பகுதி, வறண்ட காற்றும் குளிர்ந்த அறைகளும் உள்ள நாடுகளில், ராக், புளூஸ், ஜாஸ் ஆகிய இசைவகைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாகும். பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்திலுள்ள பைராம் தோட்டம் போன்றதோர் இடத்தில், கோயில் திருவிழா மேடையிலும் திருமண மண்டபத்திலும் தமிழ்த் திரைப்பாடல்களை வாசிக்கும் ஓர் இசைக்குழுவுக்கு அந்த மதிப்பீடுகள் பாதியளவே பொருந்தும். அங்கே காற்றின் ஈரம் வேறு, மின்சாரம் வரும் வழி வேறு, பாட்டின் கட்டமைப்பும் வேறு. இம்மூன்றையும் கணக்கிலெடுத்தால், கித்தாருக்கு முதலிடமும் பேஸுக்கு மிச்சமிருக்கும் பணமும் என்று வழக்கமாய்ப் பின்பற்றப்படும் வரிசை தலைகீழாக வேண்டியதாகிறது.

இத்தீபகற்பத்தில் மின்கித்தாரின் மீது மோகம் பரவியதற்கு, 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ‘ஷேடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தது ஒரு பெருங்காரணமாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் தோன்றிய மலாய் இளைஞர் குழுக்கள் ‘கூகிரான்’ எனப்பட்டன. விறுவிறுப்பான கித்தார்க் குழு என்று பொருள்படும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது. முதன்மைக் கித்தார், தாளக் கித்தார், பேஸ், டிரம்ஸ், பாடகர் என்பதே அதன் அமைப்பு. பினாங்கில் 1960களின் இறுதியில் உருவான ‘அலிகேட்ஸ்’ குழுவை லோகநாதன், டேவிட் என்னும் ஆறுமுகம் சகோதரர்கள் முன்னின்று நடத்தி, ஹாங்காங் மேடைகளில் பயின்று திரும்பி, மலாய்ப் பாடல்களால் நாடறிந்த பெயர் பெற்றதை நினைத்தால், இந்தக் கருவிகள் பினாங்குத் தமிழருக்குப் புதியவை அல்ல என்பது விளங்கும்.

மின்கித்தாரின் ஒலி எங்கே பிறக்கிறது என்பதை அறியாமல் அதன் விலையை எடைபோட முடியாது. இதன் உடல் பெரும்பாலும் உள்ளீடற்ற பேழையாக இராமல் கெட்டி மரமாகவே இருப்பதால், வீணையின் குடம் செய்யும் வேலை இதற்கில்லை. அதிரும் எஃகுத் தந்திக்கு அடியில், காந்தத் துண்டுகளைச் சுற்றி மயிரிழைத் தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். தந்தி அசையும்போது காந்தப்புலம் கலைந்து அந்தச் சுருளில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. இந்த அமைப்புக்குப் பிக்கப் என்று பெயர். தந்தியைத் தாங்கும் குதிரைக்கு அருகில் வைத்த பிக்கப் கூர்மையான நாதத்தையும், கழுத்தருகே வைத்தது உருண்டு திரண்ட நாதத்தையும் தருகின்றன. உடல் எந்த மரத்தில் செய்யப்பட்டது என்பதைப் பற்றி விற்பனையாளர்கள் நீளமாகப் பேசுவதுண்டு. மரத்துக்கு ஒரு பங்கு இருக்கலாம் என்றாலும், பிக்கப்பின் வகையும் இடமும், தந்தியின் தன்மையும், வாசிப்பவரின் விரலும் கேட்போர் காதில் உண்டாக்கும் வேறுபாட்டுக்கு முன்னால் அது சிறியதே.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. தந்தியின் அசைவைப் பிடிப்பதுபோலவே, சுற்றியுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலத்தையும் அது பிடித்துக்கொள்ளும். மலேசியாவின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுமின்சாரம். திருவிழாப் பந்தலில் சரவிளக்குகளும் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கி வயர்களும் பின்னிக் கிடக்கும் மேடையில் அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஓயாத ரீங்காரமாகக் கித்தாருக்குள் புகுந்துவிடும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் இதற்கு ஒரு தீர்வு கண்டார்: இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் நாதமோ ஒன்றோடொன்று கூடும். ஹம்பக்கர் எனப்படும் இந்த இரட்டைச் சுருள், உச்ச ஒலிகளைச் சற்று மழுக்கித் தருவது உண்மையே. ஆனால் திறந்தவெளி மேடைக்கு அந்த இழப்பு பொறுத்துக்கொள்ளத் தக்கது.

ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டரும் 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் ஒற்றைச் சுருள் மரபைச் சேர்ந்தவை. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து ஹம்பக்கருக்கு அடையாளமாகிவிட்டது. நாதத்தைவிடக் கைக்கு உடனே தெரிவது இவற்றின் தந்தி நீளம். ஸ்ட்ராட்டில் தந்தி அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். லெஸ் பாலில் ஏறத்தாழ 628. ஒரே பருமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், லெஸ் பாலின் தந்தி சுமார் ஆறு விழுக்காடு தளர்ந்திருக்கும். எண்ணாகப் பார்க்கச் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை ஏற்றும் தமிழ்ப் பாட்டு வாசிப்பில் விரலுக்குப் பெரிய ஆறுதல். திரைப்பாடலின் குரல் பகுதி கமகங்களால் ஆனது. கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகளின் மேல் விரல் வைத்தெடுத்தால் மட்டும் அது வராது, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கியும் வளைத்தும் செல்லவேண்டும். யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் எட்டுத் தந்திகளை விட்டுவிட்டு, ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்திகள் பூட்டிய மின்மாண்டலினை ஏற்றதும் கார்வைக்கும் கமகத்துக்கும் வழிசெய்யவே. கர்நாடக இசையை மின்கித்தாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேட்டவர்களுக்கு, கருவியின் விலைச்சீட்டைவிடத் தந்தியின் தளர்வும் மெட்டுகளின் உயரமும் எவ்வளவு முக்கியம் என்பது புரிந்திருக்கும்.

ஆயினும் தமிழ்த் திரைப்பாடலில் மின்கித்தார் பெரும்பாலும் வந்துபோகும் வண்ணமே. இடையிசையில் ஒரு சொற்கட்டு, சரணத்தின் பின்னணியில் ஒரு மெல்லிய ஆர்பெஜியோ, அவ்வளவில் அதன் பணி முடிந்துவிடுவதுண்டு. பல்லவி முதல் இறுதிவரை ஓயாமல் நடப்பது பேஸ். இளையராஜா தாமே கித்தார் கலைஞராகத் தொடங்கி, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர்; ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைக் குறியீட்டில் எழுதிக் கொடுப்பவர். அவர் எழுதிய பேஸ் வரிகள் சுருதியின் அடிஸ்வரத்தை மட்டும் தட்டிக்கொண்டிராமல், பாடுபவரின் மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டாக நகர்பவை. பாட்டு மேலேறும்போது கீழிறங்குபவை. எதிர்பாராத ஸ்வரத்தில் நின்று ஒரு சொல்லின் நிறத்தையே மாற்றுபவை. அவற்றை ஒலிப்பதிவுகளில் வாசித்த சசிதரனின் பெயர் இசைக்குழுக்காரர்களிடையே இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. ஏ. ஆர். ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸுக்கும் அத்தகைய இடமுண்டு. இந்தப் பாடல்களை மேடையில் வாசிக்கும் குழுவில் கித்தார் ஓர் இரவு வராவிட்டால் கீபோர்டு வாசிப்பவர் ஒப்பேற்றிவிடுவார். பேஸ் சரியில்லையென்றால், குறை எங்கே என்று சொல்லத் தெரியாத பாட்டிக்கும் பாட்டு உட்கார்ந்துவிட்டது தெரியும்.

பேஸின் நான்கு தந்திகளுள் மிகக் கீழானது 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. தோட்டத்து வீடுகளில் ஒரு தலைமுறை திரைப்பாடல் கேட்ட வானொலிப் பெட்டிகளின் சிறிய ஸ்பீக்கர்களால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பவே இயலாது. இருந்தும் பேஸ் கேட்டது எப்படி என்றால், ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் மடங்குகளாகிய 82, 123, 164 ஹெர்ட்ஸ் அதிர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன. அவற்றைக் கேட்ட மூளை, விடுபட்ட அடிஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே நல்ல பேஸ் என்பது மேடையை அதிரவைப்பது அன்று, இந்த மடங்கொலிகளைத் தெளிவாகத் தருவது. வயிற்றில் இடிக்கும் பேஸைப் பெருமையாகக் கருதும் ஒலியமைப்பாளர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸே இந்த இனத்தின் மூலக்கருவி. தந்தி நீளம் 864 மில்லிமீட்டர். 1957இல் அதன் பிக்கப் இரு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஹம்பக்கரைப் போலவே இரைச்சலை அழிக்கும் தன்மை பெற்றது. தடித்த, நடுவொலி மிகுந்த அதன் நாதம் எந்தக் கூட்டத்திலும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகள்; கழுத்து, தலைப்பக்கத்தில் சுமார் 38 மில்லிமீட்டராக ஒடுங்கியிருப்பதால் சிறிய கைக்கும் வேகமான வரிகளுக்கும் இசைவானது. ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ரீங்காரம் தலைகாட்டும் என்றாலும், இளையராஜாவின் ஓடும் வரிகளை வாசிக்க விரும்புவோருக்கு இதுவே ஏற்றது. பால் மெக்கார்ட்னியால் புகழ்பெற்ற ஹோஃப்னர் வயலின் பேஸ் இவற்றைவிடக் குறுகியது, எடை குறைந்தது, பார்க்க அழகானது. ஆனால் கீழ்த்தந்தியில் தெளிவு போதாது.

பினாங்கின் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளிமேடைக்குக் கொண்டுவரும்போது மரம் ஈரத்தை உறிஞ்சிக் கழுத்தின் வளைவு மாறும்; அதனுள் ஓடும் எஃகுத் தண்டைத் திருகிச் சரிசெய்யத் தெரிந்த கைவினைஞர் ஒருவரை அறிந்து வைத்திருப்பது, உயர்ந்த மாடல் ஒன்றை வாங்குவதைவிடப் பயன் தரும். விரல் படும் பலகைக்கு ஃபெண்டர் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இந்திய ஈட்டி மரத்தைப் பயன்படுத்துகின்றன. தோதகத்தி என்றும் அழைக்கப்படும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. 2017இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்து, 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. வியர்வையும் உப்புக்காற்றும் சாதாரணச் சுருள்தந்திகளை விரைவில் மந்தமாக்கிவிடும். மேற்பரப்பு தட்டையாக்கப்பட்ட தந்திகளோ நெடுங்காலம் உழைக்கும். மோட்டவுன் இசைப்பதிவு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் இவ்வகைத் தந்திகளைப் பூட்டிய பிரிசிஷன் பேஸிலேயே தம் புகழ்பெற்ற வரிகளை வாசித்தார்.

விலையைப் பொறுத்தவரை, 1982இல் ஃபெண்டர் ‘ஸ்குவையர்’ என்ற பெயரில் ஜப்பானில் செய்யத் தொடங்கிய மலிவுக் கருவிகள் ஒரு திருப்பம். பின்னர் ஆசியாவின் பிற நாடுகளுக்கு மாறிய அந்த வரிசையும், யமஹா, ஐபனெஸ் கருவிகளும், அமெரிக்காவில் செய்யப்பட்டவற்றின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கின்றன. அவற்றில் குறையிருப்பது பெரும்பாலும் பிரடை, மின்பொத்தான், மெட்டுகளின் முனை ஆகியவற்றில்; இவை மாற்றக்கூடியவை. கழுத்தை உடலோடு திருகாணியால் பிணைக்கும் ஃபெண்டர் முறைக்கு இங்கே தனி மதிப்புண்டு: கழுத்து கெட்டால் கழற்றி வேறு பூட்டலாம். ஒட்டிய கழுத்தும் பின்சாய்ந்த தலையும் கொண்ட லெஸ் பால், லாரியிலேறி மேடைக்கு மேடை போகும் குழுவில் ஒருமுறை கீழே விழுந்தால் தலையருகே முறியும் அபாயம் உடையது.

ஆகவே குழு தொடங்குவோர், கையிலுள்ள வெள்ளியில் பெரும்பங்கைப் பிரிசிஷன் அல்லது ஜாஸ் வகைப் பேஸுக்கும், அதற்கேற்ற பெரிய ஸ்பீக்கருள்ள ஆம்ப்ளிஃபயருக்கும் ஒதுக்குவதே முறை. கித்தாருக்கு ஹம்பக்கர் பொருத்திய, திருகுக் கழுத்துள்ள நடுத்தர விலைக் கருவி போதும். வாங்குமுன் ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்தி, நடுவே தாள் நுழையுமளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஸ்வரமும், அதே இடத்தில் தொட்டெழுப்பிய மேல்ஸ்தாயி ஒலியும் ஒத்திருக்கின்றனவா என்று கேட்கவேண்டும். இடைவெளியைத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம், சுருதியைக் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்ட கருவியை மட்டும், எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், எந்த விலைக்கும் வாங்கலாகாது.