ஃபிகர் ஸ்கேட்டிங் மதிப்பெண் முறை: எண்ணக்கூடியதும் எண்ணமுடியாததும்

ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியின் நடுவர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. வீரர் காற்றில் எத்தனை சுற்றுச் சுற்றி, எந்த விளிம்பில் தரையிறங்கினார் என்பது ஒன்று. அந்த நான்கு நிமிட ஆட்டம் இசையோடு பொருந்தி ஒரு முழுமையான கலைப்படைப்பாக அமைந்ததா என்பது மற்றொன்று. முதலாவதைக் கேமராவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடிவுசெய்யலாம். இரண்டாவதற்குப் பயிற்சி பெற்ற கண்ணையும் காதையும் விட்டால் வேறு வழியில்லை. இரண்டு விடைகளையும் ஒரே கூட்டுத்தொகையில் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இந்த விளையாட்டின் விதிகள் இன்றுவரை தடுமாறுகின்றன.

பழைய முறையில் உச்ச மதிப்பெண் 6.0. நடுவர் ஒவ்வொருவரும் தொழில்நுட்பத்துக்கு ஒன்று, கலைநயத்துக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள் இடுவார்கள். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் ‘பொலேரோ’ இசைக்கு ஆடிய பிரிட்டன் இணையர் டார்வில், டீன் இருவருக்கும் கலைநயத்துக்காக ஒன்பது நடுவர்களும் 6.0 கொடுத்தார்கள். அந்த மதிப்பெண்ணின் பொருள் யாருக்கும் உடனே புரிந்தது. பழைய முறையின் பெரிய பலம் அதுதான். ஆனால் முடிவைத் தீர்மானித்தது மதிப்பெண் அல்ல, அதிலிருந்து ஒவ்வொரு நடுவரும் உண்டாக்கிய தரவரிசை. பின்னால் வருபவர்களுக்கு இடம் விட்டுவைக்க வேண்டியிருந்ததால், முதலில் ஆடியவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நடுவரின் கை இறுகியே இருந்தது. மூன்றாமவர் ஒருவர் ஆடி முடித்ததும், ஏற்கெனவே ஆடிவிட்ட இருவரின் இடங்கள் தமக்குள் மாறிப்போவதும் உண்டு.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் அந்த முறை உடைந்தது. இணையர் பிரிவில் ஒரு தாவலின் தரையிறக்கத்தில் பிசகிய ரஷ்யாவின் பெரெஷ்னாயா, சிகாருலிட்ஸே இணை, பிழையின்றி ஆடிய கனடாவின் சாலே, பெல்லெட்டியே இணையை ஐந்துக்கு நான்கு என்ற நடுவர் கணக்கில் வென்றது. ரஷ்யர்களுக்கு வாக்களிக்கும்படி தமக்கு அழுத்தம் தரப்பட்டதாகப் பிரெஞ்சு நடுவர் சொன்னார்; பிறகு அதை மறுத்தார். கனடா இணைக்கும் தங்கம் வழங்கப்பட்டது. 2004இல் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் புதிய முறையை ஏற்றுக்கொண்டது.

புதிய முறையில் ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. ஆடப்பட்டது எந்த அம்சம், சுற்று முழுமையா என்பதைத் தனித் தொழில்நுட்பக் குழு வீடியோ பார்த்து முடிவுசெய்கிறது. அதை எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதை ஒன்பது நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். 2018 முதல் இந்த அளவுகோல் -5 தொடங்கி +5 வரை. ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்து விழுக்காடு. மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு எஞ்சியதன் சராசரியை எடுப்பதால், தனியொரு நடுவர் முடிவைப் புரட்டுவது கடினம். தோற்றவர் விவரத்தாளைக் கையில் எடுத்து எந்தத் தாவலில் எத்தனை புள்ளி போனது என்று பார்க்க முடிகிறது. இது சிறிய முன்னேற்றமல்ல. காரணம் தெரியாமல் தோற்ற பல தலைமுறை வீரர்களுக்குக் கிடைக்காத உரிமை.

ஆனால் விலைப்பட்டியல் ஒன்று வந்துவிட்டால், பட்டியலை எழுதுபவரே விளையாட்டின் போக்கையும் எழுதுகிறார். 2010 வான்கூவரில் நான்கு சுற்றுத் தாவல் எதையும் ஆடாத அமெரிக்காவின் லைசாசெக், அதை ஆடிய ரஷ்யாவின் புளுஷென்கோவை 1.31 புள்ளியில் வென்றார். அதன்பின் நான்கு சுற்றுத் தாவல்களின் மதிப்பு உயர்த்தப்பட்டது. 2018 பியாங்சாங்கில் நேதன் சென் ஒரே ஆட்டத்தில் ஆறு நான்கு சுற்றுத் தாவல்களை முயன்றார். அந்த ஆண்டே மதிப்புகள் குறைக்கப்பட்டன. அதே ஒலிம்பிக்கில் அலினா ஸகிதோவா தம் தாவல்கள் அனைத்தையும் ஆட்டத்தின் பிற்பாதிக்குத் தள்ளினார். பிற்பாதித் தாவலுக்குப் பத்து விழுக்காடு கூடுதல் என்ற விதி அப்படிச் செய்யத் தூண்டியது. விதிக்குட்பட்டு ஆடிய அவர்மேல் குறையில்லை; ஒரு நடனத்தின் முன்பாதியைத் தாவலே இல்லாததாக்கும் அளவுக்கு ஆசைகாட்டியது விதியின் குறை. பிறகு அந்தச் சலுகை கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.

விழுந்தவருக்கு இந்தக் கணக்கு என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு சுற்று அக்ஸல் என்ற தாவலின் மதிப்பு 12.50. அதில் விழுந்தால் பாதி போய் 6.25, விழுந்ததற்கு ஒரு புள்ளி கழித்தால் 5.25. இரண்டு சுற்று அக்ஸலின் மதிப்பு 3.30, எல்லா நடுவர்களும் +5 கொடுத்தாலும் 4.95தான். குறையே இல்லாத தாவலைவிடப் பனியில் உட்கார்ந்துவிட்ட தாவல் அதிகம் பெறுகிறது. கடினத்துக்கு மதிப்பு வேண்டும் என்பது நியாயம். ஆனாலும் விழுகை இசையையும் ஆட்டத்தின் ஓட்டத்தையும் அறுக்கிறது. அந்த இழப்பு இந்தக் கழித்தலில் முழுதாக வருவதில்லை.

கலைப் பக்கம் இதைவிடப் பலவீனமானது. முன்பு ஐந்தாக இருந்த கலைக்கூறுகள் 2022இல் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் என மூன்றாயின. ஒவ்வொன்றும் பத்துக்கு, கால் கால் புள்ளியாக இடப்படும். ஆண்களின் நான்கு நிமிட நீள் ஆட்டத்தில் இவற்றின் பெருக்கெண் 3.33; மூன்றிலும் முழுப் பத்து வாங்கினாலும் 99.90க்கு மேல் போகாது. தாவல் பக்கத்துக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. 2024 மாண்ட்ரியால் உலகப் போட்டியில் இலியா மாலினினின் நீள் ஆட்ட மொத்தம் 227.79; அதில் பெரும்பகுதி தொழில்நுட்பப் புள்ளி. நன்றாகத் தாவுபவருக்குக் கலைக்கூறுகளும் தாமாகவே கூடிவருவதுண்டு. பெயர்பெற்றவருக்கு ஒரு பங்கு அதிகமாகவும். இதை நடுவரின் நேர்மைக் குறைவு என்று மட்டும் சொல்ல முடியாது. தாவலின் தரத்துக்குப் படி போட்டுக்கொண்டே, அதே நான்கு நிமிடத்தில் காலடிகளுக்கும் இசைக்கும் உள்ள உறவையும் கவனி என்றால், எண்ண எளிதானதன் பக்கம் கவனம் சாய்வது இயல்பு.

நாட்டுப்பற்றும் நீங்கவில்லை. தம் நாட்டு வீரருக்கு நடுவர்கள் கூடுதலாக இடுவதை எரிக் ஸிட்ஸெவிட்ஸ் என்ற பொருளியலாளர் புள்ளிவிவரங்களால் காட்டினார். 2002 ஊழலுக்கு மருந்தாக யார் எந்த மதிப்பெண் இட்டார் என்பது மறைக்கப்பட்டது. வெளி அழுத்தத்திலிருந்து நடுவரைக் காப்பது நோக்கம். ஆனால் அது அவரைக் கேள்வியிலிருந்தும் காத்தது. 2016இல்தான் அந்தத் திரை விலக்கப்பட்டது.

இந்தக் குறைகளுக்காக 6.0க்குத் திரும்புவது தீர்வாகாது. அங்கே குறையைக் கண்டுபிடிக்கவே வழியில்லாதிருந்தது. நடுவர் குழுவை இரண்டாகப் பிரித்து, தாவலின் தரத்தை ஒரு குழுவும் கலைக்கூறுகளை மற்றொரு குழுவும் மதிப்பிடச் செய்வதே இன்று பயனுள்ள மாற்றம். கூடுதல் நடுவர்களும் செலவும் தேவைப்படும், சிறிய போட்டிகளுக்கு அது சுமைதான். ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலுமாவது அதைத் தொடங்கலாம். கலைக்கூறுகளின் பெருக்கெண்ணும் அதனுடன் உயர வேண்டும். இல்லையேல் இரண்டாவது குழு எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், அது இடும் எண்ணை ஒரு நான்கு சுற்றுத் தாவல் விழுங்கிவிடும்.