நீ அவருக்கு யாரு?

தமிழில் துப்பறியும் கதைக்குப் பஞ்சமில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் நாவல் வாங்கிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறியவர்கள்தான் நம்மில் பலரும். சுஜாதாவின் கணேஷ் ஒரு வக்கீல். அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் நவா படைத்த ஹென்றி ரியோஸும் துப்பறிகிற வக்கீல்தான். ஆனால் ரியோஸ் வீட்டில் இழவு விழுந்திருக்கிறது. அந்த இழவைச் சுமந்துகொண்டுதான் அவன் வேலைக்குப் போகிறான்.

நவா, சாக்ரமெண்டோவின் மெக்சிகக் குடியிருப்பில் ஏழ்மையில் வளர்ந்தவர்; தன்பாலீர்ப்பாளர். 2019இல் வந்த அவருடைய 'கார்வ்டு இன் போன்' நாவல் 1984 நவம்பரில், சான்பிரான்சிஸ்கோவில் நடக்கிறது. எய்ட்ஸ் ஊரை அள்ளத் தொடங்கிய நேரம். காதலனைப் பறிகொடுத்து, குடியில் விழுந்து, சிகிச்சை முடித்து வந்த ரியோஸ் வயித்துப்பாட்டுக்கு இன்சூரன்ஸ் விசாரணை வேலையில் சேர்கிறான். பில் ரயன் என்பவன் காஸ் கசிவில் செத்துப்போன ஃபைல் கைக்கு வருகிறது. கூட இருந்த இளம் காதலன் தப்பிப் பிழைத்திருக்கிறான்.

கம்பெனிக்கு வேண்டியது ஒன்றுதான்: எப்படிச் செத்தான், பணம் கொடுக்கணுமா வேணாமா? ரியோஸ் கேட்கப் போவதோ, எப்படி வாழ்ந்தான் என்று. பதினெட்டு வயதில் நடுங்கிக்கொண்டு அந்நகரில் வந்திறங்கிய பையனின் வாழ்க்கை அப்போதுதான் எழுந்து வருகிறது. தானே துக்கக்காரனாக இருப்பவனால்தான் அப்படிக் கேட்க முடிகிறது. இந்நாவலின் அரசியல் இங்கேதான் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். 1986இல் சென்னையில் மருத்துவ மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, பாலியல் தொழிலாளரின் ரத்தம் சேகரித்தார். வேலூரில் சோதித்ததில் ஆறு பேருக்குக் கிருமி. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது இப்படித்தான். கண்டறிந்தவர்கள் பெயர் நிற்கிறது, நிற்கட்டும், தகுதியானவர்கள். அந்த ஆறு பேர் வெறும் எண்ணாக நின்றுவிட்டார்கள். பெயரை மறைத்தது நியாயம். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் சேர்ந்து மறைந்துபோனதே, அதற்கு யார் பொறுப்பு? போலீஸ் ரிக்கார்டில் செத்த விதம் மட்டும் பதிவாகும் நம் சனங்களுக்கு இந்த அநியாயம் புதுசல்ல.

நாவலுக்கும் ஓர் எல்லை உண்டு. ரியோஸிடம் சட்டப்படிப்பு இருக்கிறது. கதவைத் தட்டினால் திறக்கிறார்கள். மதுரைப் பிணவறை வாசலில் நிற்கும் ஒரு கூலிக்காரக் காதலனிடம் முதலில் கேட்பார்கள்: "நீ அவருக்கு யாரு?" சொல்ல உறவுமுறை கிடையாது. தத்தனேரி சுடுகாட்டில் கொள்ளி வைக்க உரிமையும் கிடையாது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துச் செய்வது 377ஆவது பிரிவில் குற்றமில்லை என்றது. 2023இல் அதே நீதிமன்றம் அவர்களுக்குத் திருமண உரிமை தர மறுத்தது. ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் துக்கக்காரன் என்று உட்காரவும் இடமில்லை.

தமிழில் இப்படியொரு துப்பறிவாளன் வரவேண்டும். சேரியிலிருந்தோ, மில் தெருவிலிருந்தோ வரட்டும். டிகிரி இல்லாவிட்டாலும் போகிறது. செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்று விடாமல் கேட்கத் தெரிந்தால் போதும். எழுதுகிற தோழர்களே, அந்த ஃபைல் இன்னும் மூடப்படவில்லை.