பூனையின் கைக்குக் கம்பி வேண்டும்

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வால்டர் ஓமிஷென் நடத்திவந்த சிறிய பொம்மை அரங்கு 1944 குண்டுவீச்சில் எரிந்துபோனது. 1948 பிப்ரவரி 26 அன்று ‘புப்பன்கிஸ்டே’ என்ற பெயரில் மறுபடி திரை தூக்கினார். முதல் நாடகம் ‘பூட்ஸ் போட்ட பூனை’. நூல் பொம்மைக்கு இந்தக் கதை ஏற்றதுதானா? பாதி ஏற்றது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் அச்சேற்றிய வடிவத்தில், கோட்டைக்காரனான அரக்கன் பூனையின் பேச்சில் மயங்கிச் சிங்கமாகிறான், பிறகு எலியாகிறான். பூனை பாய்ந்து தின்றுவிடுகிறது. வேஷம் கட்டிய நடிகருக்கு இங்கே புகை வேண்டும், இருட்டு வேண்டும். பொம்மலாட்டத்திலோ ஒரு பொம்மை மேலே போகிறது, இன்னொன்று இறங்குகிறது, வேலை முடிந்தது. மேடையை அடைத்து நின்றவன் விரலளவு எலியாவதைக் குழந்தை தன் கண்ணாலேயே அளந்துகொள்கிறது.

சிக்கல் பூனையிடம்தான். பூட்ஸ் மாட்டி நிமிர்ந்து நடக்கும்போதுதான் அதற்கு அதிகாரம் வருகிறது. அதற்குக் கால் தரையில் அழுந்த வேண்டும். நூல் பொம்மையோ தொட்டும் தொடாமலும் மிதக்கும். ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட் 1810இல் எழுதிய பொம்மலாட்டக் கட்டுரை இந்த மிதப்பைத்தான் கொண்டாடியது. நடனத்துக்குச் சரி, மிரட்டிப் பிழைக்கும் பூனைக்கு ஆகாது. பூட்ஸைக் கனமான மரத்தில் செதுக்கினால் பலகையில் ‘டக் டக்’ என்று சத்தமாவது கேட்கும். கைக்கு அந்தச் சமாளிப்பும் இல்லை. முயலைச் சாக்கில் பிடிப்பதும் சுருக்கை இழுப்பதும் நூலில் தொங்கும் கைக்குப் பெரும்பாடு. கைக்குள் மாட்டி ஆட்டும் பொம்மை இதை விளையாட்டாகச் செய்யும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் காலே கிடையாது, பூட்ஸை எங்கே மாட்டுவது? நம் பொம்மலாட்டக்காரர் தலையில் வைத்த வளையத்தில் நூலைக் கட்டி, பொம்மையின் கையைக் கம்பியால் ஆட்டுவார். அந்தக் கலப்பு முறை இந்தப் பூனைக்கென்றே செய்தது போல இருக்கிறது.

அடுத்தது கதையின் ஒழுக்கம். பூனை புளுகுகிறது, நிலம் தன் எஜமானருடையது என்று சொல்லாவிட்டால் கொத்திப்போடுவேன் என்று அறுவடைக்காரர்களை மிரட்டுகிறது. பெரோவின் அரக்கன் பூனைக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, மரியாதையாகத்தான் வரவேற்கிறான். குழந்தைகளுக்கென்று மேடையேற்றும்போது அவனைக் கொடுங்கோலனாக்கிப் பூனையின் திருட்டை நியாயப்படுத்தும் ஆசை எழும். (கிரிம் சகோதரர்கள் 1812இல் சேர்த்த இக்கதையை அடுத்த பதிப்பில் நீக்கினார்கள். ஒழுக்கத்துக்காக அல்ல, பிரெஞ்சுச் சரக்கு என்பதற்காக!) இந்தப் பூச்சு வேலை தேவையில்லை. சாவதும் ஏமாறுவதும் மரத்துண்டு என்று குழந்தைக்குத் தெரியும். அந்தத் தூரம் போதும். அரக்கனைக் கெட்டவனாக்கினால் பூனை வெறும் போலீஸ்காரனாகிவிடும், சிரிப்பும் போய்விடும்.

ஆகவே அரக்கனை முழுக்க நூலில் ஆட்டலாம். பூனையின் கைக்குக் கம்பி கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாத குழு முயல் வேட்டையை வெட்டிவிடலாம். அறுவடைக்காரர்களை மிரட்டும் காட்சியில் மட்டும் கை வைக்கக் கூடாது.