வெள்ளியும் ரிங்கிட்டும்

மெர்டேக்காவின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2007இல் பேங்க் நெகாரா 10 ரிங்கிட் வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. ரிங்கிட் என்னும் பெயரும் வெள்ளி என்னும் உடலும் ஒரே காசில் கூடியது தமிழாசிரியர் நோக்கத்தக்கது.

‘வெள்ளி’ கொச்சை, ‘ரிங்கிட்’ என்றே எழுதுக என மாணாக்கரைத் திருத்துவோர் நம்முள் உளர். ரிங்கிட் என்பதன் பொருள் யாது? பல்பல்லான விளிம்பு. முன்னாளில் இங்கு வழங்கிய ஸ்பானிய வெள்ளிக்காசின் விளிம்பைக் கண்டு மலாய்க்காரர் இட்ட பெயர் அது. அத்தகைய காசின் உலோகத்தைக் கண்டு நம்மவர் இட்டது வெள்ளி. ரூபாயும் வடமொழியில் வெள்ளியைக் குறித்த சொல்லின் வழிவந்ததே. இதில் கொச்சை எங்கே வந்தது? 1975இல் ரிங்கிட் சட்டப்படியான பெயராயிற்று. ஆதலின் கணக்கேட்டில் அதனையே எழுதுக. கட்டுரையிலும் கதையிலும் வெள்ளியைச் சிவப்பு மையால் அடிப்பதுதான் தவறு.

நாணயத்தின்மேலும் ஒரு குறை உண்டு. பழைய வெள்ளிக்காசு சந்தையில் கைமாறித் தேய்ந்தது. சொல்லும் அதனோடு பரவியது. இதுவோ பேழையை விட்டு நீங்குவதில்லை. உடன் வந்த 1 ரிங்கிட் நாணயத்தின் உலோகம் ‘நோர்டிக் தங்கம்’ எனப்படும். அதில் தங்கம் குன்றிமணியளவும் இல்லை, செம்பே மிகுதி. வெறுந்தாளை வெள்ளி என்று அழைக்கும் நம் மக்களை நகைப்போர், இப்பெயருக்கு என்ன சொல்வர்?